எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்கு: தளத்திற்கு வரும் அனைவரையும் பாதுகாப்பான இணைப்புக்குத் திருப்பும் வழிமுறை

உலாவியும் தளமும் பேசிக்கொள்ளும் முறை எச்டிடிபி; அதையே பிறர் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கிச் செய்வது எச்டிடிபிஎஸ். அதற்கு வேண்டிய எஸ்எஸ்எல் (டிஎல்எஸ்) சான்றிதழை நிறுவியவுடன் தளம் பாதுகாப்பாகிவிட்டது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஆவதில்லை. சான்றிதழ் வந்த பிறகும் எச்டிடிபிக்கான 80ஆம் எண் போர்ட்டில் உள்ள பழைய வாசல் திறந்தேதான் இருக்கும். 443ஆம் எண் போர்ட்டில் மறைகுறியாக்கம் செய்யப்பட்ட புதிய வாசல் அதன் பக்கத்தில் கூடுதலாகத் திறந்திருக்கும், அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் எப்போதோ பகிரப்பட்ட சுட்டிகள், மற்றவர்களின் தளங்களில் உள்ள இணைப்புகள், விசிட்டிங் கார்டில் அச்சிட்ட க்யூஆர் குறிகள் ஆகியவற்றின் வழியாக வருபவர்கள் பழைய வாசலிலேயே நுழைந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் தட்டச்சு செய்யும் கடவுச்சொல்லும், தொடர்புப் படிவத்தில் எழுதும் கைபேசி எண்ணும், பேருந்து நிலையத்து வைஃபையில் இடையில் இருக்கும் எவரும் படிக்கக்கூடிய வடிவில்தான் பயணிக்கும்.

ஒரு சிற்றிதழின் தளத்தை முழுமையாக எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றும் பொறுப்பை ஏற்றுக்கொண்டபோது, தேவையான தகவல்கள் பல இடங்களில் சிதறிக் கிடந்ததும், ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதற்கு நேர்மாறாக இருந்ததும் என்னை வெகுவாக அலைக்கழித்தன. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். பகிர்வு ஹோஸ்டிங்கில் சிபேனல் என்ற கட்டுப்பாட்டுப் பக்கத்தை வைத்து வேர்ட்பிரஸ் தளம் நடத்துபவர்களையும், சிறிய விபிஎஸ் (வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வர்) ஒன்றில் அப்பாச்சி அல்லது என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளை வைத்துத் தாங்களே பராமரிப்பவர்களையும் மனத்தில் வைத்திருக்கிறேன்.

முதலில் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். திருப்பிவிடும் விதியை எழுத ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் அது செய்ய வேண்டிய முதல் வேலை அன்று. கீழே உள்ள வரிசையில் அது ஐந்தாவதாகத்தான் வருகிறது. இந்த வேலையில் நேரும் பெரும்பாலான சிக்கல்களுக்குக் காரணம், அதை முதலில் செய்துவிட்டு மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பதே.

கால அளவைப் பொறுத்தவரை, சிறிய தளம் ஒன்றுக்கு அரை நாள் வேலையும் அதற்குப் பின் சில நாள் கண்காணிப்பும் போதும். வார நாளின் காலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஹோஸ்டிங் நிறுவனத்தின் உதவிப் பிரிவில் ஆள் இருப்பார்கள். தளத்தில் பொருள் விற்பவராக இருந்தால் தீபாவளி, பொங்கல் வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

1. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

டொமைன் பதிவு, டிஎன்எஸ் (தளத்தின் பெயரைச் சர்வரின் முகவரியோடு இணைக்கும் பதிவேடு), ஹோஸ்டிங் ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு நிறுவனங்களில் இருக்கக்கூடும். மூன்றுக்குமான உள்நுழைவு விவரங்கள் உங்களிடம் இருக்கின்றனவா என்று வேலையைத் தொடங்கும் முன்பே பாருங்கள். தளத்தை வடிவமைத்துக் கொடுத்தவர் தன் சொந்த மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் கொடுத்து டொமைனைப் பதிவு செய்திருப்பது நம்மிடையே மிகச் சாதாரணம். அப்படியிருந்தால் ஓடிபி அவருக்குத்தான் போகும். அவர் பதில் சொல்லும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியிருக்கும். ஆகவே டொமைன் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்வதை முதல் வேலையாக வையுங்கள். டொமைன் எப்போது காலாவதியாகிறது என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, உங்கள் தளம் எந்தெந்தப் பெயர்களில் திறக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ள பெயர், இல்லாத பெயர், கடைக்கென்று தனி சப்டொமைன் (டொமைனுக்கு முன் ஒரு சொல் சேர்ந்த உட்பெயர்), எப்போதோ சோதனைக்குப் போட்டு மறந்துபோன சப்டொமைன் என்று எல்லாமே அதில் வர வேண்டும். டிஎன்எஸ் பக்கத்தைத் திறந்துவைத்து வரி வரியாகப் பார்த்து எழுதுவதே நம்பகமான வழி. ஒவ்வொரு பெயரும் சான்றிதழில் இடம்பெற வேண்டும் என்பதால் இந்தப் பட்டியல் மூன்றாம் படியிலும் ஒன்பதாம் படியிலும் தேவைப்படும்.

ஆவணங்கள் என்று பார்த்தால், பெரும்பாலோருக்குத் தேவையான டொமைன் சரிபார்ப்புச் சான்றிதழுக்கு எந்தக் காகிதமும் வேண்டியதில்லை. டொமைன் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதை மென்பொருளே சரிபார்த்துவிடும். நிறுவனத்தின் பெயரையும் சேர்த்துச் சரிபார்க்கும் வகைச் சான்றிதழ்களுக்கு மட்டும்தான் நிறுவனப் பதிவுச் சான்று, முகவரிச் சான்று, தொலைபேசி வழிச் சரிபார்ப்பு போன்றவை தேவைப்படும். அதற்குச் சில நாள்கள் பிடிக்கும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு குறிப்பு. வருமான வரித் தாக்கலுக்கும் மின்னணு டெண்டருக்கும் யுஎஸ்பி டோக்கனில் வாங்கும் டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் முற்றிலும் வேறு பொருள். அது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி ஒரு நபரின் கையொப்பத்திற்காகத் தரப்படுவது. இணையதளத்திற்கு அது உதவாது. உங்கள் ஆடிட்டர் ‘நம்மிடம்தான் சான்றிதழ் இருக்கிறதே’ என்று சொன்னால், அவர் சொல்வது அந்தச் சான்றிதழைத்தான்.

கடைசியாக, கோப்புகளுக்கும் தரவுத்தளத்திற்கும் முழு நகல் எடுத்து, அதை ஹோஸ்டிங்குக்கு வெளியே உங்கள் கணினியில் இறக்கி வையுங்கள். நான்காம் படியில் தரவுத்தளத்தில் கை வைக்கப்போகிறோம்.

2. செலவு: எதற்குப் பணம் தேவை, எதற்குத் தேவையில்லை

லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசச் சான்றிதழ் சேவை 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அமெரிக்காவில் உள்ள இன்டர்நெட் செக்யூரிட்டி ரிசர்ச் குரூப் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு அதை நடத்துகிறது. அங்கே கிடைக்கும் சான்றிதழும் பணம் கொடுத்து வாங்கும் டொமைன் சரிபார்ப்புச் சான்றிதழும் தரும் மறைகுறியாக்கத்தில் எந்த வேறுபாடும் இல்லை. விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று விற்பனைப் பிரிவில் பேசுபவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். ஒரு காலத்தில் விலையுயர்ந்த சான்றிதழ் வைத்திருந்தால் முகவரிப் பட்டையில் நிறுவனத்தின் பெயர் தெரிந்தது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2019இல் அதை எடுத்துவிட்டன. ஆகவே ஒப்பந்தத்திலோ தணிக்கை விதியிலோ நிறுவனப் பெயர் சரிபார்ப்பு வேண்டும் என்று எழுதியிருந்தாலொழிய அந்தச் செலவு வீண்.

உண்மையான செலவு வேறொரு இடத்தில் ஒளிந்திருக்கிறது. மலிவுத் திட்டங்களில் இலவசச் சான்றிதழ் வசதியை முடக்கிவைத்து, ஆண்டுக்கு ஒருமுறை சான்றிதழை விலைக்கு வாங்கவைக்கும் ஹோஸ்டிங் நிறுவனங்கள் உள்ளன. அந்தச் சிற்றிதழின் தளம் இருந்த நிறுவனமும் அப்படித்தான் செய்தது. அதன் உதவிப் பிரிவிலிருந்து நேரான பதிலைப் பெறுவதற்கே பல மின்னஞ்சல்கள் எழுத வேண்டியிருந்தது. அதனால் திட்டத்தை வாங்கும் முன்போ புதுப்பிக்கும் முன்போ, இந்தக் கேள்விகளை எழுத்து மூலமாகக் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்: இலவசச் சான்றிதழ் இந்தத் திட்டத்தில் உண்டா? அது தானாகப் புதுப்பிக்கப்படுமா? எல்லா சப்டொமைன்களுக்கும் கிடைக்குமா? முதலாண்டு இலவசம் என்றால் இரண்டாமாண்டு எவ்வளவு? சொல்லப்படும் விலையோடு 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேரும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால், சான்றிதழுக்கு ஆண்டுதோறும் பணம் கட்டுவதைவிட ஹோஸ்டிங்கை மாற்றிவிடுவதே மேல் என்பது என் கருத்து.

3. சான்றிதழைப் பெறுதல்

சிபேனல் இருந்தால் ‘எஸ்எஸ்எல் டிஎல்எஸ் ஸ்டேட்டஸ்’ என்ற பகுதியைத் திறந்து, நீங்கள் எழுதிய பட்டியலில் உள்ள எல்லாப் பெயர்களையும் தேர்ந்தெடுத்து, ‘ரன் ஆட்டோஎஸ்எஸ்எல்’ பொத்தானை அழுத்தினால் போதும். சில நிமிடங்களில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பச்சைப் பூட்டு வரும். ஏதேனும் ஒரு பெயருக்கு மட்டும் சிவப்பு வந்தால், அந்தப் பெயரின் டிஎன்எஸ் பதிவு வேறொரு சர்வரைச் சுட்டுகிறது என்றுதான் பெரும்பாலும் பொருள்.

சொந்த விபிஎஸ் வைத்திருப்பவர்கள் செர்ட்பாட் என்ற மென்பொருளைப் பயன்படுத்தலாம். என்ஜின்எக்ஸ், அப்பாச்சி இரண்டுக்கும் அதில் தனித்தனி ப்ளக்இன்கள் உண்டு. பெயர்களைக் கொடுத்தால் சான்றிதழைப் பெற்று, சர்வர் அமைப்பிலும் அதுவே எழுதிவிடும். இந்த இடத்தில் பொறிகள் அதிகம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, ஐபிவி4 என்ற பழைய வகை முகவரிக்கு அடுத்து வந்த ஐபிவி6 முகவரியைச் சுட்டும் ‘நான்கு ஏ’ பதிவு. சர்வரை மாற்றும்போது ஐபிவி4 பதிவை மட்டும் மாற்றிவிட்டு இதைப் பழைய சர்வரிலேயே விட்டுவிடுவது வழக்கமாக நடக்கிறது. லெட்ஸ் என்கிரிப்ட் இரண்டும் இருந்தால் ஐபிவி6 முகவரியைத்தான் முதலில் நாடும். டொமைன் உங்களுடையதா என்று பார்ப்பதற்காக உங்கள் சர்வரில் வைக்கப்படும் சோதனைக் கோப்பு அங்கே இருக்காது, சரிபார்ப்பு தோற்கும். உங்கள் உலாவியில் தளம் ஒழுங்காகத் திறப்பதால் காரணம் எளிதில் பிடிபடாது.

இரண்டாவது, ‘சிஏஏ’ பதிவு. எந்த நிறுவனம் உங்கள் டொமைனுக்குச் சான்றிதழ் தரலாம் என்பதை வரையறுக்கும் டிஎன்எஸ் பதிவு இது. 2017 செப்டம்பரிலிருந்து சான்றிதழ் நிறுவனங்கள் இதைப் பார்த்தே ஆக வேண்டும். முன்பு இருந்தவர் வேறொரு நிறுவனத்தின் பெயரை மட்டும் இதில் எழுதி வைத்திருந்தால் உங்களுக்குச் சான்றிதழ் மறுக்கப்படும். பதிவே இல்லையென்றால் கவலையில்லை.

மூன்றாவது, முயற்சிகளுக்கான வரம்பு. ஒரே பெயருக்கு ஒரு மணி நேரத்தில் ஐந்து முறை சரிபார்ப்பு தோற்றால் லெட்ஸ் என்கிரிப்ட் உங்களைக் காத்திருக்கச் சொல்லும். ஒரே பெயர்த் தொகுப்புக்கு ஏழு நாளில் ஐந்து சான்றிதழ்களுக்கு மேல் தராது. எனவே தோல்வி வந்தவுடன் மீண்டும் மீண்டும் அழுத்தாதீர்கள். செர்ட்பாட்டில் ‘ஸ்டேஜிங்’ என்ற சோதனைத் தெரிவு உண்டு. அதில் எல்லாம் சரியாக வந்த பிறகு உண்மையான சான்றிதழைக் கேளுங்கள்.

நான்காவது, இடைநிலைச் சான்றிதழ், அதாவது உங்கள் சான்றிதழை உலாவி நம்பும் மூலச் சான்றிதழோடு இணைக்கும் கண்ணி. செர்ட்பாட் உருவாக்கும் கோப்புகளில் ‘செர்ட்’ என்பதில் உங்கள் சான்றிதழ் மட்டும் இருக்கும். ‘ஃபுல்செயின்’ என்பதில் இடைநிலைச் சான்றிதழும் சேர்ந்திருக்கும். சர்வர் அமைப்பைக் கையால் எழுதுபவர்கள் இரண்டாவதைத்தான் கொடுக்க வேண்டும். முதலாவதைக் கொடுத்தாலும் கணினி உலாவியில் பெரும்பாலும் திறந்துவிடும். சில கைபேசிகளிலும், உங்கள் தளத்தை அழைக்கும் பிற மென்பொருள்களிலும் மட்டும் பிழை வரும். ‘எனக்குத் திறக்கிறதே, அவருக்கு ஏன் திறக்கவில்லை’ என்ற குழப்பத்தின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

விபிஎஸ்ஸில் 443ஆம் போர்ட்டைத் திறந்துவிட்டீர்களா என்பதையும் பாருங்கள். சர்வருக்குள் இருக்கும் தடுப்பு (ஃபயர்வால்) ஒன்று, கிளவுட் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் இருக்கும் தடுப்பு இன்னொன்று. இரண்டிலும் திறக்க வேண்டும்.

சான்றிதழ் வந்ததும், முகவரியின் முன்னால் எச்டிடிபிஎஸ் என்று நீங்களே தட்டச்சு செய்து ஒவ்வொரு பெயரையும் திறந்து பாருங்கள். குரோமில் பூட்டுச் சின்னத்தைத் தேட வேண்டாம். 2023இல் வந்த 117ஆம் பதிப்பிலிருந்து அந்த இடத்தில் இரண்டு கோடுகளும் வட்டங்களும் கொண்ட வேறொரு சின்னம்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் இணைப்பு பாதுகாப்பானதா என்று தெரியும். எல்லாப் பெயர்களும் பிழையின்றித் திறக்கும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

4. தளத்திற்குள் இருக்கும் பழைய முகவரிகளை மாற்றுதல்

பக்கம் எச்டிடிபிஎஸ்ஸில் திறந்தாலும், அதற்குள் இருக்கும் ஒரு ஸ்கிரிப்ட்டோ எழுத்துருவோ எச்டிடிபி முகவரியிலிருந்து அழைக்கப்பட்டால் உலாவி அதைத் தடுத்துவிடும். படங்களை இன்றைய உலாவிகள் தாமாகவே எச்டிடிபிஎஸ்ஸில் கேட்டுப் பார்க்கும். எச்டிடிபிஎஸ்ஸில் பதில் இல்லையென்றால் படம் வராது.

தமிழ்த் தளங்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி, டேப், டேம் போன்ற குறியீடுகளில் எழுதப்பட்ட பழைய பக்கங்கள், வேறொரு தளத்தில் உள்ள எழுத்துருவை நம்பியே படிக்கும்படி இருக்கும். அந்த எழுத்துரு தடுக்கப்பட்டால் கட்டுரை முழுவதும் பொருளற்ற குறிகளாகத் தெரியும். அத்தகைய பக்கங்கள் உங்களிடம் இருந்தால் எழுத்துருக் கோப்பை உங்கள் சர்வரிலேயே ஏற்றிவிடுங்கள். இயன்றால் உரையை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

வேர்ட்பிரஸில் ‘செட்டிங்ஸ்’ பகுதியின் ‘ஜெனரல்’ பக்கத்தில் வேர்ட்பிரஸ் முகவரி, தள முகவரி என்ற இரண்டு கட்டங்கள் உள்ளன. இரண்டிலும் எச்டிடிபிஎஸ் என்று மாற்றிச் சேமியுங்கள்; உடனே உங்களை வெளியேற்றி மீண்டும் உள்நுழையச் சொல்லும், பதற்றப்பட வேண்டாம். 2021இல் வந்த 5.7ஆம் பதிப்பிலிருந்து ‘சைட் ஹெல்த்’ பக்கத்தில் இதை ஒரே பொத்தானில் செய்யும் வசதியும் இருக்கிறது. மூன்றாம் படியை முடிக்காமல் இதைச் செய்தால் நிர்வாகப் பக்கத்திற்குள்ளேயே நுழைய முடியாமல் போகும் என்பதை மறக்க வேண்டாம்.

பழைய பதிவுகளுக்குள் உறைந்திருக்கும் முகவரிகளை மாற்றுவதற்கு ‘பெட்டர் சர்ச் ரிப்ளேஸ்’ போன்ற ப்ளக்இன் ஒன்றையோ, வேர்ட்பிரஸின் கட்டளைவரிக் கருவியையோ பயன்படுத்துங்கள். பிஎச்பிமைஅட்மினைத் திறந்து தரவுத்தளத்தில் நேரடியாகத் தேடி மாற்றும் குறுக்கு வழியைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். அதைச் செய்யவே கூடாது. தீம், விட்ஜெட் போன்றவற்றின் அமைப்புகள் ஒவ்வொரு சொற்றொடரின் நீளத்தையும் எண்ணாகச் சேர்த்தே சேமிக்கப்பட்டிருக்கும். எச்டிடிபி என்பது எச்டிடிபிஎஸ் ஆகும்போது ஓர் எழுத்து கூடுகிறது; எண் மாறாது. இரண்டும் பொருந்தாததால் அந்த அமைப்பு முழுவதையும் வேர்ட்பிரஸால் படிக்க முடியாமல் போகும். மேலே சொன்ன கருவிகள் அந்த எண்ணையும் சேர்த்தே திருத்துகின்றன.

மாற்றியதும் முகப்பு, ஒரு பழைய பதிவு, தொடர்புப் பக்கம், கடை இருந்தால் பணம் கட்டும் பக்கம் ஆகியவற்றைத் திறந்து, உலாவியின் டெவலப்பர் கருவியில் ‘கன்சோல்’ பகுதியைப் பாருங்கள். ‘மிக்ஸ்டு கன்டென்ட்’ என்று தொடங்கும் வரி இருந்தால், தடுக்கப்பட்ட கோப்பின் முகவரியும் அதே வரியில் இருக்கும்.

5. திருப்பிவிடும் விதியை எழுதுதல்

இப்போதுதான் தலைப்பில் சொன்ன வேலைக்கு வருகிறோம். விதியை எந்த இடத்தில் எழுதுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள். சிபேனலின் ‘டொமைன்ஸ்’ பக்கத்தில் ‘ஃபோர்ஸ் எச்டிடிபிஎஸ் ரீடைரக்ட்’ என்ற பொத்தான் உண்டு. அப்பாச்சியில், தளத்தின் அமைப்பு விதிகள் இருக்கும் எச்டிஆக்சஸ் கோப்பில் எழுதலாம். என்ஜின்எக்ஸில் 80ஆம் போர்ட்டுக்கென்று தனி சர்வர் பகுதி எழுதலாம். கிளவுட்ஃப்ளேர் போன்ற இடைநிலைச் சேவையிலும் செய்யலாம். வேர்ட்பிரஸ் ப்ளக்இன் வழியாகவும் செய்யலாம். இவற்றில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் செய்யுங்கள். இரண்டு இடங்களில் இருக்கும் விதிகள் ஒன்றையொன்று அறியாது. பிழை வந்தால் எது காரணம் என்று கண்டுபிடிப்பது கடினம். ப்ளக்இன்னைவிட சர்வர் அளவில் செய்வதையே நான் பரிந்துரைப்பேன். வேர்ட்பிரஸ் விழித்து வேலை செய்வதற்கு முன்பே வேலை முடிந்துவிடும்; படங்கள், பிடிஎஃப் கோப்புகள் போன்ற வேர்ட்பிரஸைத் தொடாத கோரிக்கைகளும் திரும்பும்.

விதியின் வரிகளை உங்கள் ஹோஸ்டிங் நிறுவனத்தின் உதவிப் பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒட்டுவதற்கு முன் அதில் நான்கு விஷயங்களைப் பாருங்கள். இணைப்பு ஏற்கெனவே எச்டிடிபிஎஸ்ஸாக இருந்தால் திருப்பக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா? கேட்கப்பட்ட முழுப் பாதையும், கேள்விக்குறிக்குப் பின்வரும் பகுதியும் அப்படியே புதிய முகவரிக்குச் செல்கின்றனவா, அல்லது எல்லோரும் முகப்புப் பக்கத்திற்கே தள்ளப்படுகிறார்களா? திருப்பும் குறியெண் என்ன? டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ளது, இல்லாதது ஆகியவற்றில் நீங்கள் தேர்ந்தெடுத்த ஒன்றுக்கு ஒரே தாவலில் போகிறதா?

குறியெண்ணைப் பற்றி: 301 என்பது நிரந்தர மாற்றம், 302 தற்காலிக மாற்றம். உலாவிகள் 301ஐ நினைவில் வைத்துக்கொள்ளும். விதியில் பிழையிருந்து நீங்கள் அதைத் திருத்தினாலும், ஏற்கெனவே வந்துபோனவரின் உலாவி பழைய தவறான இடத்திற்கே அவரைத் தொடர்ந்து அனுப்பக்கூடும். ஆகவே முதலில் 302 போட்டு, சில நாள் பார்த்து, குறை ஏதும் இல்லையென்று உறுதியான பின் 301 ஆக்குங்கள். அதே சமயம் 302இலேயே விட்டுவிடவும் கூடாது. மாற்றம் நிரந்தரமானது என்பதைத் தேடுபொறிகளுக்குத் தெளிவாகச் சொல்வது 301தான்.

எச்டிஆக்சஸ் கோப்பில் வேர்ட்பிரஸ் தனக்கென்று ‘பிகின் வேர்ட்பிரஸ்’, ‘எண்ட் வேர்ட்பிரஸ்’ என்ற இரண்டு குறிப்பு வரிகளுக்கிடையே ஒரு பகுதியை வைத்திருக்கும். அதற்குள் எழுதினால் அடுத்த முறை வேர்ட்பிரஸ் அந்தப் பகுதியைத் திருத்தும்போது உங்கள் விதி அழிந்துபோகும். அந்தப் பகுதிக்கு மேலே எழுதுங்கள்.

இனி, எல்லோரையும் மிரட்டும் முடிவற்ற சுழற்சி. ‘பலமுறை திருப்பிவிடப்பட்டீர்கள்’ என்று உலாவி சொல்லிப் பக்கம் திறக்காமல் நின்றுவிடும். கிளவுட்ஃப்ளேரில் ‘ஃப்ளெக்சிபிள்’ முறையை வைத்திருப்பவர்களுக்கு இது கிட்டத்தட்ட நிச்சயம் வரும். அந்த முறையில் வருகையாளருக்கும் கிளவுட்ஃப்ளேருக்கும் இடையே எச்டிடிபிஎஸ் இருக்கும். கிளவுட்ஃப்ளேருக்கும் உங்கள் சர்வருக்கும் இடையே வெறும் எச்டிடிபிதான். உங்கள் சர்வர் ‘இது எச்டிடிபி, எச்டிடிபிஎஸ்ஸில் வா’ என்று திருப்புகிறது. கிளவுட்ஃப்ளேர் மீண்டும் எச்டிடிபியிலேயே வந்து கேட்கிறது. சர்வர் மீண்டும் திருப்புகிறது. சுழற்சி வருவது ஒருபுறமிருக்க, பாதி வழி மறைகுறியாக்கமே இல்லாத அந்த முறையை எவரும் பயன்படுத்தக் கூடாது. சர்வரில் சான்றிதழை நிறுவிவிட்டு, கிளவுட்ஃப்ளேரில் ‘ஃபுல் ஸ்ட்ரிக்ட்’ முறைக்கு மாறுங்கள். சுழற்சி நின்றுவிடும்.

6. சரியாகத் திரும்புகிறதா என்று சோதித்தல்

உலாவியில் தட்டச்சு செய்து சோதிப்பது போதாது. குரோம் 2021இல் வந்த 90ஆம் பதிப்பிலிருந்து, முன்னொட்டு இல்லாமல் தட்டச்சு செய்யும் முகவரிகளை முதலில் எச்டிடிபிஎஸ்ஸில்தான் திறக்கப் பார்க்கிறது. உங்கள் விதி வேலையே செய்யாவிட்டாலும் தளம் எச்டிடிபிஎஸ்ஸில் திறக்கும். நீங்களும் எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்வீர்கள்.

விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் இயங்கும் ‘கர்ல்’ கட்டளையைப் பயன்படுத்துங்கள். கர்ல் என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடும் ஆங்கிலப் பெரிய ஐ எழுத்தும் சேர்த்து, அதன்பின் எச்டிடிபி முன்னொட்டுடன் முகவரியைக் கொடுத்தால், சர்வரின் பதில் சில வரிகளில் வரும். முதல் வரியில் 301 அல்லது 302 என்ற எண்ணும், ‘லொகேஷன்’ என்று தொடங்கும் வரியில் புதிய முகவரியும் இருக்க வேண்டும். அந்தப் புதிய முகவரியையே மீண்டும் கர்லுக்குக் கொடுத்தால் 200, அதாவது பக்கம் கிடைத்தது என்ற எண், வர வேண்டும். இன்னொரு 301 வந்தால் நடுவில் தேவையற்ற தாவல் இருக்கிறது என்று பொருள். டபிள்யூடபிள்யூடபிள்யூ சேர்க்கும் பழைய விதி, அதை நீக்கும் புதிய விதி, எச்டிடிபிஎஸ் விதி என்று மூன்று தாவல் ஆகும் தளங்களைப் பார்த்திருக்கிறேன். மெதுவான கைபேசி இணைப்பில் அந்தத் தாமதம் கண்ணுக்கே தெரியும்.

தமிழில் தலைப்பு வைத்து அதையே முகவரியாகவும் கொண்ட பதிவுகள் இருந்தால், அவற்றில் ஒன்றையாவது கட்டாயம் சோதியுங்கள். தமிழ் எழுத்துகள் முகவரியில் விழுக்காட்டுக் குறிகளாக மாறிப் பயணிக்கும். எழுதப்பட்ட விதத்தைப் பொறுத்து, சில விதிகளில் அந்தக் குறிகள் மறுபடியும் ஒருமுறை மாற்றப்பட்டு, போய்ச் சேரும் இடத்தில் 404 வரும். லொகேஷன் வரியில் விழுக்காட்டுக் குறியை அடுத்து 25 என்ற எண் திரும்பத் திரும்பத் தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது. அப்பாச்சியில் விதியின் இறுதியில் ‘என்இ’ என்ற குறியைச் சேர்ப்பது இதற்குரிய வழக்கமான தீர்வு.

7. வெளியே தெரிவிக்க வேண்டிய இடங்கள்

பணப் பரிவர்த்தனைச் சேவையில் பதிவு செய்துள்ள வெப்ஹூக் முகவரியை முதலில் மாற்றுங்கள். பணம் வந்துவிட்டது என்ற செய்தியை அந்தச் சேவை போஸ்ட் முறையில், அதாவது தரவைச் சேர்த்து, இந்த முகவரிக்கு அனுப்பும்; 301 திருப்பலில் அது வெறும் கெட் கோரிக்கையாக மாறி உள்ளடக்கத்தை இழக்கக்கூடும், அல்லது அந்தச் சேவை திருப்பலைப் பின்தொடராமலே நின்றுவிடலாம். வாடிக்கையாளர் பணம் கட்டியிருப்பார், உங்கள் கடையில் ஆர்டர் ‘நிலுவை’ என்றே நிற்கும். முகவரியை மாற்றவே முடியாத இடங்களில் 301க்குப் பதில், முறையை மாற்றாமல் அனுப்பும் 308ஐப் பயன்படுத்தலாம்.

கூகுள் சர்ச் கன்சோலில் டொமைன் வகைப் பதிவு வைத்திருந்தால் எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் இரண்டும் அதிலேயே அடங்கும். இல்லையென்றால் எச்டிடிபிஎஸ் முகவரியைப் புதிதாகச் சேருங்கள். ‘முகவரி மாற்றம்’ என்ற கருவியை இதற்குப் பயன்படுத்த வேண்டியதில்லை. தளவரைபடத்திலும், பக்கத்தின் முதன்மை முகவரியைத் தேடுபொறிக்குச் சொல்லும் கெனானிகல் குறிச்சொல்லிலும் புதிய முகவரி வந்திருக்கிறதா என்று பாருங்கள். தேடல் முடிவுகள் மாறச் சில வாரங்கள் ஆகலாம். திருப்பிவிடும் விதியைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். அச்சிட்ட க்யூஆர் குறிகளும் பழைய சுட்டிகளும் ஓராண்டில் மறைந்துவிடுவதில்லை என்பதால் அதை எடுக்கவே வேண்டாம் என்று நான் சொல்வேன்.

8. புதுப்பித்தல்

எல்லாவற்றையும் சரியாகச் செய்த தளங்கள்கூடச் சில மாதங்கள் கழித்து விழுவது இங்கேதான். லெட்ஸ் என்கிரிப்டின் வழக்கமான சான்றிதழ் 90 நாள் மட்டுமே செல்லும். முன்பெல்லாம் காலாவதி நெருங்கினால் அவர்களே மின்னஞ்சல் அனுப்பினார்கள். 2025 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள். எச்சரிக்கை வரும் என்று காத்திருக்காதீர்கள்.

செர்ட்பாட் பொதுவாகத் தன் புதுப்பித்தல் கால அட்டவணையைத் தானே அமைத்துக்கொள்ளும். ஆனாலும் ‘ட்ரை ரன்’ என்ற ஒத்திகைத் தெரிவுடன் புதுப்பித்தல் கட்டளையை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். திருப்பிவிடும் விதியைப் போட்ட பிறகு இதைச் செய்வது முக்கியம்; ஏனெனில் சரிபார்ப்புக் கோரிக்கை 80ஆம் போர்ட்டில்தான் முதலில் வரும். அது எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பப்பட்டாலும் பின்தொடரும். ஆனால் ‘பாதுகாப்புக்காக’ 80ஆம் போர்ட்டையே மூடிவிட்டால் சரிபார்ப்பும் நடக்காது, பழைய சுட்டிகளில் வருபவர்களைத் திருப்பவும் ஆள் இருக்காது. அந்தப் போர்ட் திறந்தே இருக்கட்டும்.

சான்றிதழ் கோப்பு புதுப்பிக்கப்பட்டும் தளம் காலாவதி என்று காட்டினால், வெப் சர்வர் பழைய கோப்பையே நினைவில் வைத்திருக்கிறது என்று பொருள். புதுப்பித்தலுக்குப் பின் சர்வர் தன் அமைப்பை மீண்டும் படிக்கும்படி ஒரு கட்டளையைச் சேர்த்துவையுங்கள்.

பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கி ஆண்டுக்கொருமுறை கையால் நிறுவுபவர்களுக்கு வேலை கூடப்போகிறது. உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் நிறுவனங்களும் சேர்ந்த சிஏ பிரவுசர் ஃபோரம் 2025இல் எடுத்த முடிவின்படி, சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். கையால் செய்யும் முறை இதற்கு ஈடுகொடுக்காது. இப்போதே தானியங்கி முறைக்கு மாறிவிடுங்கள்.

9. எச்எஸ்டிஎஸ்: கடைசியில், அதுவும் மெதுவாக

ஒருவர் எச்டிடிபி முகவரியில் வரும் முதல் கோரிக்கை மறைகுறியாக்கம் இல்லாமல்தான் வருகிறது; அதன் பிறகுதான் நாம் திருப்புகிறோம். அந்த ஒரு கணத்தில் இடையில் இருப்பவர் தலையிட முடியும். இந்தத் தளத்திற்கு இனி எச்டிடிபிஎஸ்ஸில் மட்டுமே போக வேண்டும் என்று உலாவிக்குச் சொல்லிவைக்க, சர்வர் தன் பதிலோடு அனுப்பும் தலைப்பு வரிதான் எச்எஸ்டிஎஸ். ஒருமுறை வந்துபோனவரின் உலாவி அடுத்த முறை பழைய வாசல் பக்கமே போகாது.

இதைப் போட்ட பிறகு சான்றிதழ் பழுதானால் ‘பரவாயில்லை, தொடர்க’ என்று வருகையாளர் அழுத்தும் வழிகூட அடைபட்டுவிடும். ஆகவே புதுப்பித்தல் ஒருமுறையாவது தானாக நடந்து முடிந்ததைப் பார்த்த பின்னரே இதைத் தொடுங்கள். காலத்தை நொடிகளில் கொடுக்க வேண்டும்: முதலில் 300, அதாவது ஐந்து நிமிடம், சிக்கல் இல்லையென்றால் ஒரு வாரம், பிறகு ஒரு மாதம், கடைசியில் 31536000, அதாவது ஓராண்டு.

‘இன்க்ளூட் சப்டொமைன்ஸ்’ என்ற சொல்லைச் சேர்ப்பதற்கு முன், முதல் படியில் எழுதிய பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சப்டொமைனும் எச்டிடிபிஎஸ்ஸில் திறக்கிறதா என்று பாருங்கள். திறக்காதது எதுவாக இருந்தாலும், அலுவலகத்திற்குள் மட்டும் பயன்படும் பழைய கணக்குப் பக்கமாக இருந்தாலும், பிரதான தளத்திற்கு வந்துபோன உலாவிகள் அனைத்திலும் அது திறக்காமல் போய்விடும். உலாவிகளிலேயே பதிந்துவைக்கும் ‘ப்ரீலோடு’ பட்டியலில் பெயர் கொடுப்பது அதற்கும் அடுத்த நிலை. அதில் சேர்வது எளிது. விலக நினைத்தால், அந்த நீக்கம் உலாவிகளின் புதிய பதிப்புகள் வழியாக எல்லோரிடமும் போய்ச்சேர மாதக்கணக்கில் ஆகும். சிறிய தளங்களுக்கு ஓராண்டு எச்எஸ்டிஎஸ் போதும். எல்லா சப்டொமைன்களும் ஓராண்டு முழுவதும் தடங்கலின்றி எச்டிடிபிஎஸ்ஸில் இயங்கிய பிறகு ப்ரீலோடு பற்றி யோசியுங்கள்.